ஃபேக்டர் ஊசியும் நம்ம வேண்டுதலும்

ஓம் சரவணபவ.



வழக்கமா இங்க உபயப் பட்டியல், அன்னதானம், பூஜை நேரம் இதைத்தான் போடுவோம். இன்னைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒண்ணு கலக்கி வச்சுக்கிட்டுப் பொறுமையா படிங்க. ரத்தம் உறையாத குறையோட பிறந்த பிள்ளைங்களைப் பத்தியும், அவங்க போட்டுக்கிற ஊசி மருந்தைப் பத்தியும் எழுதுறோம்.

நாங்க டாக்டருங்க இல்ல. ஆனா காவடிக்குப் பேர் எழுதுறது நாங்க. அலகு குத்துற இடத்துல கூட நிக்கிறது நாங்க. கூட்டத்துல விழுந்த பிள்ளையை முதல்ல தூக்குறதும் நாங்கதான். அதனால இதைத் தெரிஞ்சு வச்சுக்கிறது எங்க கடமைன்னு நினைக்கிறோம். இதுல சொல்றதெல்லாம் ஹீமோஃபிலியா பிள்ளைங்களைப் பார்த்துக்கிற மிஸ்ஸிகிட்டயும், வீட்டுலேயே ஊசி போடுற ஒரு தாய்கிட்டயும் உட்கார்ந்து கேட்டுக்கிட்டது. அந்தக் குடும்பத்தோட சம்மதத்தோடதான் எழுதுறோம். பேரும் தோட்டமும் வேண்டாம்னாங்க, போடல.

தைப்பூசத்துக்குப் பேர் கொடுக்க ஒரு பாட்டி வந்தாங்க. முப்பது வருஷத்துக்கு மேல தோட்டத்துல கொழுந்து எடுத்தவங்க. பேரனுக்கு 13 வயசு. அவனுக்கு முழங்கால் அடிக்கடி வீங்கும். வீக்கம் நின்னா பேரன் நாக்குல வேல் குத்திக் காவடி எடுப்பான்னு வேண்டிக்கிட்டாங்களாம். பின்னாலேயே மருமகள் ஓடி வந்தாங்க. "அண்ணே, இவனுக்கு ஹீமோஃபிலியா. டாக்டரைக் கேக்காம இவன் உடம்புல எதையும் குத்தக்கூடாது. தயவுசெஞ்சு பேர் எழுதாதீங்க"ன்னாங்க.

பாட்டிக்குக் கோபம். "சாமி கடனைத் தடுக்கிறா"ன்னு ஒரு வார்த்தை. "இந்த வியாதியே அவ பொறந்த வீட்டு வழியா வந்ததுதானே"ன்னு இன்னொரு வார்த்தை. வரிசையில நின்னவங்க எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்தத் தங்கச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

குருக்கள் ஐயா பாட்டியைத் தனியா உட்கார வச்சுப் பேசினாரு. "வேண்டிக்கிட்டது நீங்கம்மா. கடனையும் நீங்களே தீர்க்கலாம். குழந்தை ரத்தத்தை முருகன் கேக்கல. பால்குடம் எடுங்க, பேரன் பக்கத்துல நடந்து வரட்டும்"னாரு. அப்படியேதான் நடந்துச்சு. பாட்டி மஞ்சள் சேலையோட பால்குடம் தூக்கினாங்க. பையன் அன்னைக்குக் காலையிலேயே ஃபேக்டர் போட்டுக்கிட்டு, மயில் தோகையைப் பிடிச்சுக்கிட்டு கூடவே வந்தான். சன்னதி வரைக்கும் சொந்தக் கால்ல நடந்து வந்தான்.

ஆனா பாட்டி சொன்ன அந்த ரெண்டாவது வார்த்தைக்கு இன்னும் பதில் சொல்லணும். அது அந்த ஒரு வீட்டுல மட்டும் கேக்குற வார்த்தை இல்ல.

நமக்கு அடிபட்டா ரத்தம் கொஞ்ச நேரத்துல உறைஞ்சு நிக்குது. அதுக்கு ரத்தத்துல பல புரதங்கள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வேலை செய்யுது. அதுகளுக்குத்தான் ஃபேக்டர்னு பேர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். எட்டாவது ஃபேக்டர் குறைஞ்சா ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைஞ்சா ஹீமோஃபிலியா பி. ஏ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகள்ல ஒருத்தருக்கு வருது. பி வகை அதை விட அபூர்வம். அந்த ஃபேக்டர் வழக்கமான அளவுல 1 சதவீதத்துக்கும் கீழ இருந்தா கடுமையான வகை. அந்தப் பிள்ளைங்களுக்கு அடியே படாம கூட முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுக்குள்ள ரத்தம் கசியும். ஒரே மூட்டுல திரும்பத் திரும்பக் கசிஞ்சா அந்த மூட்டு தேய்ஞ்சு, மடக்க முடியாம இறுகிப் போயிடும்.

இந்த ரெண்டு ஃபேக்டருக்கும் உள்ள மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பையனுக்கு எக்ஸ் அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். அம்மாகிட்ட உள்ள ரெண்டு எக்ஸ்ல ஒண்ணுல பழுது இருந்தா, பிறக்குற ஒவ்வொரு பையனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கும் அதே அளவு வாய்ப்பு, அவங்க அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போறவங்களா இருப்பாங்க. அப்பாவுக்கு ஹீமோஃபிலியா இருந்தா அவர் வழியா மகன்களுக்கு வராது, மகள்கள் எல்லாரும் அதைச் சுமப்பாங்க. இங்கிலாந்து விக்டோரியா மகாராணி குடும்பத்துலயும் இது ஓடுச்சு. அவங்க மகன் ஒருத்தருக்கும், ரஷ்ய இளவரசரா இருந்த கொள்ளுப்பேரனுக்கும் இருந்துச்சு. இன்னொண்ணு, மூணுல ஒரு குடும்பத்துல முன்னால யாருக்குமே இருந்திருக்காது. மரபணுல புதுசா ஒரு மாற்றம் வந்து, அந்தப் பிள்ளையில இருந்துதான் ஆரம்பிக்கும்.

ஆக, அம்மா வழியா வந்திருக்கலாம். வந்த வழி வேற, குத்தம் வேற. யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கல. சாபமும் இல்ல, ஜாதக தோஷமும் இல்ல. அதைச் சுமக்கிற பெண்களுக்கே சில பேருக்கு மாதவிலக்குல ரத்தப்போக்கு அதிகமா இருக்கும், பிரசவத்துல ஆபத்தும் வரலாம். அவங்களைக் குத்திப் பேசுறதை விட்டுட்டு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போறதுதான் மாமியாரும் நாத்தனாரும் செய்ய வேண்டிய புண்ணியம்.

அந்தத் தங்கச்சிக்கு ஒரு தாய்மாமா இருந்தாரு. அவருக்கும் இதே குறைதான், ஆனா அந்தக் காலத்துல அதுக்குப் பேர் தெரியாது. வலது கால் மடங்காது. தோட்டத்துல அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, நொண்டின்னுதான் கூப்பிடுவாங்க. வீங்கின முழங்காலை சுளுக்குன்னு நினைச்சு எண்ணெய் தேய்ச்சு உருவி உருவி விட்டிருக்காங்க. உள்ள கசியுற ரத்தம் உருவினா இன்னும் அதிகமாத்தான் கசியும். அந்தக் காலையும் இந்தப் பையன் காலையும் பக்கத்துல வச்சு நினைச்சுப் பாருங்க. இடையில வந்தது இந்த மருந்துதான்.

இந்த மருந்து எங்கிருந்து வந்துச்சு? 1964-ல ஜூடித் பூல்னு ஒரு அமெரிக்க அம்மா, உறைய வச்ச பிளாஸ்மாவை மெதுவா உருக வச்சா எட்டாவது ஃபேக்டர் அடியில தங்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்புறம் ஆயிரக்கணக்கான பேரோட பிளாஸ்மாவைச் சேர்த்துத் தூளா செஞ்சாங்க. 1980-கள்ல அந்தத் தூள் வழியாவே எச்.ஐ.வி.யும் மஞ்சக்காமாலைக் கிருமியும் பரவி, உலகம் முழுக்க ஹீமோஃபிலியா உள்ளவங்க ஆயிரக்கணக்குல செத்தாங்க. அதைக் கேட்டுட்டு இன்னைக்கும் சில பெற்றோர் பயப்படுறாங்க. அதுக்கப்புறம் சூடாக்கியும் ரசாயனத்தாலயும் கிருமியை அழிக்கிற முறை வந்துச்சு. 1992-ல மனுஷ ரத்தத்துல இருந்து எடுக்காம, ஆய்வுக்கூடத்துல செல்களை வளர்த்துச் செய்யுற எட்டாவது ஃபேக்டரும் வந்துச்சு. பழைய பயத்துல இன்னைக்கு மருந்தை ஒதுக்கக்கூடாது.

நம்ம கோயில்ல ரத்ததான முகாம் நடக்கும்போது கை நீட்டுறவங்களுக்கு ஒரு சேதி. நம்ம நாட்டுல தானமா வர்ற ரத்தத்துல இருந்து பிரிக்கிற பிளாஸ்மாவை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, மெல்பர்ன்ல இருக்கிற சி.எஸ்.எல். ஆலையில பிரிச்சு, ஃபேக்டர் மருந்தாவும் வேற மருந்தாவும் திரும்பக் கொண்டு வந்திருக்காங்க. நீங்க கொடுத்த ஒரு பை ரத்தம் ஏதோ ஒரு பிள்ளையோட மூட்டைக் காப்பாத்தியிருக்கலாம்.

சரி, மருந்து வீட்டுக்கு வந்தாச்சு. அதை எப்படி வச்சுக்கணும், எப்படிப் போடணும்?

முதல்ல, வைக்கிற இடம். பெரும்பாலான ஃபேக்டர் குப்பிகளை 2 முதல் 8 டிகிரிக்குள்ள ஃபிரிட்ஜ்ல வைக்கணும். "நம்ம மலையே ஃபிரிட்ஜ் மாதிரிதானே, ஜன்னல் ஓரம் வச்சா போதாதா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. போதாது. இங்க பகல்ல 20 டிகிரியைத் தாண்டிப் போகுது. அதே மாதிரி ஐஸ் கட்டிப் பெட்டியிலயும் வைக்கக்கூடாது, உறைஞ்ச மருந்து கெட்டுப் போயிடும். சின்ன ஃபிரிட்ஜா இருந்தா பின்சுவத்துல ஒட்டாம நடுத் தட்டுல வைங்க. சில மருந்தை வெளியில 25 இல்ல 30 டிகிரி வரைக்கும் குறிப்பிட்ட மாசம் வச்சுக்கலாம், அது பெட்டியில எழுதியிருக்கும். அப்படி வெளிய எடுத்தா தேதியைப் பெட்டி மேலயே எழுதுங்க. மறுபடி ஃபிரிட்ஜ்ல வைக்கலாமான்னு மருந்தகத்துல கேக்காம வைக்காதீங்க. கீழ தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போகும்போது குளிர்ப்பையில, ஐஸ் நேரா படாம துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க. வெயில்ல நிக்கிற கார்ல விட்டுட்டுப் போகாதீங்க.

அடுத்தது அளவு. எட்டாவது ஃபேக்டர், எடையில ஒரு கிலோவுக்கு 1 யூனிட் போட்டா ரத்தத்துல ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். 25 கிலோ பிள்ளைக்கு 500 யூனிட் போட்டா 40 சதவீதம். அதே பிள்ளை வளர்ந்து 40 கிலோ ஆனப்புறம் அதே 500 போட்டா 25 சதவீதம்தான். கணக்கு புரியறதுக்காகச் சொல்றோம், யாரும் நீங்களா அளவு முடிவு பண்ணிடாதீங்க. ஒன்பதாவது ஃபேக்டருக்குக் கணக்கே வேற. ஆனா பிள்ளை எடை கூடியிருந்தா டாக்டர்கிட்ட சொல்லி அளவை மாத்திக் கேளுங்க. பழைய சீட்டையே வச்சுப் போட்டுக்கிட்டு இருக்காதீங்க.

மூணாவது, கலக்குறது. கையை சோப்பு போட்டுக் கழுவணும். மருந்துக் குப்பியும் கரைக்கிற தண்ணிக் குப்பியும் அறைச் சூட்டுக்கு வரட்டும், வெந்நீர்லயோ அடுப்புப் பக்கத்துலயோ வைக்கக்கூடாது. காலாவதித் தேதியைப் பாருங்க. குப்பி வாயை ஆல்கஹால் பஞ்சால துடைச்சு, கூடவே கொடுத்த சாதனத்தாலதான் கலக்கணும். குலுக்காதீங்க, நுரை வந்து புரதம் கெடும். மெதுவா சுழட்டுங்க. கரைஞ்சதும் வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. துகள் தெரிஞ்சாலும், மருந்துச் சீட்டுல சொன்ன நிறத்துல இல்லாம கலங்கலா இருந்தாலும் போடாதீங்க. கலக்கின மருந்தை அடுத்த நாளைக்குன்னு எடுத்து வைக்கக்கூடாது, சீட்டுல சொன்ன நேரத்துக்குள்ள போட்டுடணும். இதை நரம்புலதான் போடணும், மெதுவா. முறையா பயிற்சி எடுத்தவங்க மட்டும்தான் போடணும். அந்தத் தங்கச்சி முதல்ல தன் கையிலேயே ஊசி குத்திப் பழகினாங்களாம், மிஸ்ஸி பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுத்தாங்களாம். இப்போ பையனே தன் கையில போட்டுக்கப் பழகிக்கிட்டு இருக்கான்.

நாலாவது, எழுதி வைக்கிறது. தேதி, நேரம், எதுக்காகப் போட்டது, எத்தனை யூனிட், குப்பி மேல உள்ள தொகுதி எண், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. குப்பி ஸ்டிக்கரை அப்படியே ஒட்டினாலும் சரி. ஊசி முனையைக் குப்பைப் பைல போடாதீங்க, குப்பை எடுக்குற பிள்ளைங்க கையில குத்தும். ஆஸ்பத்திரியில கொடுக்குற ஊசி டப்பாவுல போட்டு அங்கேயே திருப்பிக் கொடுங்க. மிச்சம் இருக்கிற மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கிறது உதவி மாதிரித் தெரியும், ஆனா வகை மாறினா பிரயோஜனம் இல்ல, ஆபத்தும் வரலாம்.

அஞ்சாவது, ஆபத்துக் குறிகள். ஊசி போட்டப்புறம் உடம்பு தடிப்பு தடிப்பா வந்தாலோ, உதடு வீங்கினாலோ, நெஞ்சு இறுகி மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திட்டு 999 கூப்பிடுங்க. முதல் சில ஊசிகளை ஆஸ்பத்திரியிலேயே போடுறது இதுக்காகத்தான், ஒன்பதாவது ஃபேக்டர் போடுறவங்க இதுல இன்னும் கவனமா இருக்கணும். இன்னொண்ணு, வழக்கமான அளவு போட்டும் கசிவு நிக்கலைன்னா, உடம்பு அந்த மருந்தையே எதிரியா நினைச்சு எதிர்ப்புப் புரதம் உண்டாக்கியிருக்கலாம். கடுமையான ஏ வகையில ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இது வருது. அப்போ நீங்களா ரெட்டிப்பு அளவு போடாதீங்க. டாக்டர்கிட்ட போங்க, அதுக்கு வேற மருந்து இருக்கு.

இத்தனையிலயும் முக்கியமானது நேரம். எட்டாவது ஃபேக்டர் உடம்புல 8 முதல் 12 மணி நேரத்துக்குள்ள பாதியா குறைஞ்சிடும். அதனாலதான் கசிவு வராமலே இருக்க, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவைன்னு முறை வச்சுப் போடுறாங்க. சாமி கும்பிடுற மாதிரி, நாள் தவறாம. அப்படியும் கசிவு வந்தா முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டுடணும். மூட்டு வீங்குறதுக்கு முன்னாலயே பிள்ளைக்குத் தெரியும், உள்ள கூசுது, சூடா இருக்குன்னு சொல்லும். "பள்ளிக்கூடம் போகப் பிடிக்காம சொல்றான்"னு தள்ளிடாதீங்க. தலையில அடிபட்டா வலி இருக்கோ இல்லையோ முதல்ல ஃபேக்டர், அப்புறம் ஆஸ்பத்திரி. கழுத்து, வயிறு, தொண்டைக்கும் அப்படியே.

மலையில இருக்கிற நமக்கு இது இன்னும் முக்கியம். தானா ராத்தாவில சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கு, அவசரத்துக்கு அங்கதான் ஓடுவோம். ஆனா ரத்த நோய் நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்கோ, இன்னும் தூரமா அம்பாங் மருத்துவமனைக்கோ போகணும். தாப்பா ரோடு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. பள்ளி விடுமுறையில பிரிஞ்சாங் ஜாம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். மண்சரிவு வந்தா அதுவும் போச்சு. அதனால வீட்டு ஃபிரிட்ஜ்ல ஃபேக்டர் இருக்கிறதும், போடத் தெரிஞ்ச ஆள் வீட்டுல ரெண்டு பேராவது இருக்கிறதும் நம்ம ஊருக்கு ரொம்ப அவசியம். கீழ இறங்கும்போது உங்க மருந்தையும் நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

வலிக்கு ஆஸ்பிரின், ஐபுரூஃபன் மாதிரி மாத்திரை கூடாது, ரத்தம் உறையுறதை இன்னும் கெடுக்கும். பாராசிட்டமால் கொடுக்கலாம். தசையில போடுற ஊசி, பள்ளிக்கூடத் தடுப்பூசி, பல் பிடுங்கறது, காது குத்தறது எதா இருந்தாலும் முன்கூட்டியே ஹீமோஃபிலியா டாக்டர்கிட்ட கேளுங்க. நாக்குல அலகு எதுக்குக் கூடவே கூடாதுன்னா, எச்சில்லயே உறைஞ்ச ரத்தத்தைக் கரைக்கிற தன்மை இருக்கு. வாய்ல வர்ற கசிவு நிக்க ரொம்ப நேரமாகும்.

நம்மள்ல பல குடும்பத்துக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பேர் தெரியும். அங்க பணியாற்றின டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலதான் உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்போட 2020 சிகிச்சை வழிகாட்டி எழுதப்பட்டுச்சு. அதே இடத்துல கடுமையான ஏ வகை உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை கொடுத்து, அதுக்கப்புறம் கசிவே வரலைன்னு 2024 டிசம்பர்ல அறிவிச்சாங்க. நல்ல சேதிதான். ஆனா அது இன்னும் ஆராய்ச்சி. அதைக் காட்டி வாட்ஸ்அப்புல யாராவது நிரந்தர குணம்னு லேகியம் வித்தா நம்பிப் போடுற ஊசியை நிறுத்தாதீங்க. இப்போ தோலுக்கடியில போடுற புது ஊசியும் வந்திருக்கு, அது கசிவைத் தடுக்கும். கசிவு வந்தப்புறம் நிறுத்துறதுக்கு அது போதாது. எது உங்க பிள்ளைக்குப் பொருந்தும்னு டாக்டர்தான் சொல்லணும்.

இனி நாங்க செய்யப் போறது. காவடி, பால்குடம், முடி காணிக்கை, காதுகுத்து எதுக்குப் பேர் கொடுத்தாலும் "ரத்தம் உறையாத குறை, அடிக்கடி கசிவு இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேப்போம். கோபப்படாதீங்க, தனியாக் கூப்பிட்டே கேப்போம். இருந்தா குத்தாத வேண்டுதலா மாத்திக்கலாம். திருவிழா நாள்ல முதலுதவி மேசையில சொல்லி வச்சா, உங்க குளிர்ப்பையைக் கோயில் ஆபீஸ்ல பத்திரமா வச்சுப்போம். ராத்திரி அவசரமா கீழ இறங்க வண்டி இல்லைன்னா கோயில் நிர்வாகத்தைக் கூப்பிடுங்க, தொண்டர்கள் வண்டி எடுப்போம்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். உங்க லைன்ல, உங்க சொந்தத்துல அடிக்கடி மூட்டு வீங்குற பையன் இருந்தா, சின்ன அடிக்கே பெருசா கன்னிப் போற குழந்தை இருந்தா, பல் விழுந்து ரெண்டு நாளா ரத்தம் நிக்காத பிள்ளை இருந்தா, அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், மந்திரிச்சுக் கட்டிட்டு சும்மா இருக்க வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுங்க. திருநீறு பூசிக்கிட்டே கூட்டிட்டுப் போகலாம், முருகன் கூடவே வருவான்.

வேலும் மயிலும் துணை.

தானா ராத்தா கோயில் தொண்டர்கள்